'கீன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் ஒப்பாரியும்

சில ஆண்டுகளுக்கு முன், மேல்வகுப்பு மாணவர் சிலர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியின் பொருட்டு, ஜோன் மிலிங்டன் சிங் என்னும் ஐரிஷ் நாடகாசிரியர் இயற்றிய 'ரைடர்ஸ் டு த சீ' என்னும் ஓரங்க நாடகத்தின் ஒரு பகுதியைக் கொடுத்தேன். தன் மக்களைக் கடலுக்குப் பறிகொடுத்த கிழவி ஒருத்தியின் கதை அது. முகத்துவாரத்துப் பிள்ளைகளுக்குக் கடலும் தோணியும் வலையும் புதியன அல்ல. ஆதலின் இடர்ப்பாடின்றி எழுதுவர் என்று எண்ணியிருந்தேன். வந்த தாள்களுள் ஒன்றில், அக்கிழவி ஒன்பது நாளாக அழுதுகொண்டும் ஆர்வமாகவும் இருந்தாள் என்று கண்டேன். முதலிற் சிரிப்பு வந்தது. பின்னர், அம்மாணவன் மேற் குற்றமில்லை என்பது புலனாயிற்று. மூலத்தில் உள்ள சொல் 'கீன்' என்பது. அகராதியைத் திறந்தால், கூர்மை, ஆர்வம், வேட்கை என்ற பொருள்களே முதலில் வந்து நிற்கும். மற்றொரு மாணவன் அவ்விடத்தில் 'அழுதாள், அழுதாள்' என்று இருமுறை எழுதிவிட்டிருந்தான். அவன் சொல்லை அறிந்தவன். ஆயின் அதற்கு ஈடாகத் தமிழில் வேறொரு சொல் உண்டென்று அவனுக்குத் தோன்றவில்லை.

இக்கட்டுரை அவ்விரு தாள்களிலிருந்து பிறந்தது. முதல் மாணவனின் பிழையை அகராதி திருத்தும். இரண்டாமவனின் பிழையைத் திருத்த அகராதி போதாது; ஏனெனில் அழுகை என்பது வேறு, அழுகையை ஒரு பாட்டாகக் கட்டிச் சொல்லுதல் என்பது வேறு என்ற வேறுபாடே நம்மிடையே மங்கி வருகின்றது.

முதற்கண் அவ்வாங்கிலச் சொல்லை நோக்குவோம். எழுத்தும் ஒலியும் ஒத்த இரு சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. கூர்மையைக் குறிக்கும் 'கீன்' பழைய ஆங்கிலத்திற் 'சேனெ' என எழுதப்பெற்றுக் 'கேனெ' என ஒலித்த சொல். அஞ்சாமை, மறம் என்பன அதன் முதற்பொருள். ஜெர்மானியரின் 'கூன்' என்னும் வீரச்சொல் அதற்கு உடன்பிறப்பு. அழுகையைக் குறிக்கும் 'கீன்' இதனோடு யாதொரு தொடர்புமற்றது. அது அயர்லாந்து மக்களின் கெலித்தியத் தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது. அம்மொழியிற் 'கீன்யூ' என்பது, இறந்தவரைச் சுற்றியமர்ந்து பெண்டிர் சொல்லியழும் பாட்டையும் அச்செயலையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கில நூல்களில் இச்சொல் பரவலாக வழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலேயே.

ஈண்டு ஒரு வினா எழும். ஆங்கிலத்தில் அழுகைச் சொற்கள் குறைவோ? அன்று. 'வீப்' என்பது பழைய ஆங்கிலச் சொல். 'வெயில்' என்பது வடபுலத்து நோர்சு மொழியினின்று வந்தது. 'ஐயோ' என்னும் பொருள் தரும் இடைச்சொல்லோடு உறவுடையது. 'கிரை' என்பது பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'குவிரித்தாரே' என்பதிலிருந்து வந்தது. றோமக் குடிகளாகிய குவிரித்தரை உதவிக்குக் கூவியழைத்தல் என்று வறோ என்னும் பழைய இலக்கண ஆசிரியர் அதற்குப் பொருள் விரித்தார். 'லமென்ட்' இலத்தீன். 'டேர்ஜ்' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோர்க்காக வைகறையிற் சொல்லும் இலத்தீன் வழிபாட்டில் முதற்சொல் 'டிரிகே' என்பது. 'நெறிப்படுத்துக' என்பது அதன் பொருள். அம்முதற்சொல்லே தேய்ந்து, எந்தச் சாப்பாட்டுக்கும் பெயராயிற்று. 'திரனடி', 'எலெஜி' என்பன கிரேக்கம் தந்தவை.

இத்துணைச் சொற்கள் இருந்தும் ஆங்கிலேயர் அயலாரின் சொல்லொன்றைக் கடன்வாங்கியது ஏன்? மேற்கூறியவற்றுட் சில, தொண்டையினின்று எழும் ஓசையைக் குறிப்பன. சில, குருமாரோ புலவரோ ஆக்கிய பாடலைக் குறிப்பன. அழுகின்ற பெண்ணே அழும்போதே பாட்டும் கட்டுகிறாள் என்னும் செயலைக் குறிக்க அவற்றுள் ஒன்றும் பொருந்தவில்லை. அச்செயல் அயர்லாந்தில் இருந்தது. எனவே பெயரும் அங்கிருந்தே வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்திலிருந்த ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சர், அந்நாட்டார் பிணத்தருகே அளவிறந்து ஓலமிடுவதை நாகரிகமற்ற வழக்கங்களுள் ஒன்றாக எண்ணினார். ஓலம் அவர் காதில் விழுந்தது, பாட்டு விழவில்லை.

பண்டைக் கிரேக்கர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். ஓமர் பாடிய இலியாதக் காவியத்தின் இறுதிப் பகுதியில் எக்டரின் உடல் மனைக்குக் கொண்டுவரப்படும்போது, பாடுவோர் சிலர் முன்னின்று 'திறேனோசு' பாடுகின்றனர்; அதன்பின் மனைவியும் தாயும் கெலனும் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் உறவு சொல்லி அழுகின்றனர்; அவ்வழுகைக்குக் 'கோவோசு' என்று வேறு பெயர். பாடுவோரின் பாட்டு இன்னதென்று ஓமர் சொல்லவில்லை. மூன்று பெண்களும் சொன்னவற்றையோ முழுமையாகத் தந்துள்ளார்.

இனி நம் மொழிக்கு வருவோம். அழுகையின் வகைகளைப் பிரித்துரைப்பதிற் தமிழுக்கு வறுமையில்லை. விம்முதல், விசும்புதல், தேம்புதல், கேவுதல், ஏங்குதல், அரற்றுதல், கதறுதல், அலறுதல் என்பன ஒன்றற்கு ஒன்று மாற்றி வைக்கத் தகாதன. விம்முவோர்க்கு மூச்சு நெஞ்சில் நிறைந்து நிற்கும். விசும்புவோர்க்கு ஓசை மூக்களவில் அடங்கும். கேவும் குழந்தைக்கு அழுகை ஓய்ந்த பின்னரும் உடல் குலுங்கும். அரற்றுவோர்க்குச் சொல் உண்டு, ஆயின் தொடர்பு இராது. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அழுகையை எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். சாவு அவற்றுள் இழவின்பாற் படும். சாவொன்றே அழுகைக்குக் காரணம் என்று அவர் கொள்ளாமை கருதத்தக்கது. இழிவுபடுத்தப்பட்டவனும் வறியவனும் அழுவான் என்று இலக்கண நூலொன்று விதந்து கூறுவது சிறிய செய்தியன்று.

இச்சொற்களினின்று வேறாக நிற்பன இரண்டு: புலம்பல், ஒப்பாரி. இன்று பலர் இவ்விரண்டையும் ஒரு பொருளனவாகவே வழங்குகின்றனர். தோற்றத்தால் இவை ஒன்றற்கொன்று எதிரானவை என்பது என் கருத்து.

புலம்பு என்பதற்குத் தொல்காப்பியத்து உரியியல் தரும் பொருள் தனிமை என்பதே; அழுகை அன்று. சங்கச் செய்யுளிற் பிரிந்திருக்கும் தலைவியின் மாலைப்பொழுது புலம்புடையது. துணையைப் பிரிந்த பறவை புலம்புறும். ஆளற்ற ஊர் புலம்பு கொள்ளும். தனித்திருப்பவன் தன்னோடு தான் பேசுதல் இயல்பாதலின், தனிமையைக் குறித்த சொல் காலப்போக்கிற் தனித்தோர் வாய்விட்டுச் சொல்லும் சொல்லுக்கும், பின்னர் அழுகைக்கும் பெயராயிற்று. கம்பர் காவியத்திலே தாரையும் மண்டோதரியும் கணவரை இழந்து கூறும் பகுதிகளைப் புலம்பல் என்றே வழங்குகிறோம். விவிலியத்தில் எருசலேம் நகரின் அழிவைப் பாடும் நூலுக்குத் தமிழிற் 'புலம்பல்' என்று பெயர். ஆளற்ற ஊர் புலம்பு கொள்ளும் என்ற பழைய வழக்கை நினைப்பார்க்கு அப்பெயரின் பொருத்தம் தெரியும்.

இச்சொல்லுக்குக் கடலோடும் உறவுண்டு. நெய்தல் நிலத்துத் தலைவனைப் புலம்பன் என்றும் மெல்லம்புலம்பன் என்றும் சங்கப் புலவர் அழைத்தனர். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது மாணவர் யாவரும் அறிந்தது. அன்றியும், சாவு வீட்டில் முழங்கும் பறைக்கு 'நெய்தல்' என்றே புறநானூற்றில் ஒரு பெயர் உண்டு. ஒரு மனையில் அப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் பக்குடுக்கை நன்கணியார் பாடினார். இரங்குதல் என்ற சொல்லும் அழுகைக்கு முன் ஓசையைக் குறித்தது: முரசும் இரங்கும், கடலும் இரங்கும். உரியியலில் அழுங்கல் என்னும் சொல் ஆரவாரத்தைக் குறிக்கும் சொற்களோடு வைக்கப்பட்டு, இரக்கம், கேடு என்பனவும் அதற்குப் பொருளாதல் கூறப்படுகின்றது. களனி கங்கை கடலிற் புகும் இம்முனையில் ஆனி ஆடி மாதத்துக் காற்றிலே இராக்காலத்திற் தனித்து நடந்தவர்கள், கடலோசைக்கும் இரங்கலுக்கும் ஒரே சொல் அமைந்ததன் காரணத்தை உரையாசிரியர் உதவியின்றியே உணர்வர்.

ஒப்பாரி இதற்கு மறுதலை. ஒப்பு என்பது உவமை; ஒன்றைப்போல் மற்றொன்று இருத்தல். அகராதிகள் ஒப்பாரி என்னும் சொல்லுக்கு ஒப்புமை என்னும் பொருளை முன்வைத்து, அதன் பின்னரே சாவழுகைப் பாட்டு என்னும் பொருளைத் தருகின்றன. யாழ்ப்பாணத்து முதியோர் 'ஒப்புச் சொல்லி அழுதல்' என்று கூறும் வழக்கு அச்சொல்லின் கருவை நன்கு காட்டுகின்றது. பின்பாதியாகிய 'ஆரி' என்பதைச் சிலர் நிறைதற்பொருட்டாகிய ஆர்தலினின்றும், சிலர் ஒலித்தற்பொருட்டாகிய ஆர்த்தலினின்றும் பிறப்பிப்பர். உவமையை ஒலித்தல் என்று கொள்வது பொருளுக்கு இயைகின்றது எனினும், 'ஒப்பாரி' வெறும் ஒப்புமையைக் குறித்த பழைய வழக்கு அதனால் விளங்காது. எனவே யான் முன்னதையே ஏற்பேன். எவ்வாறாயினும் முன்பாதியில் ஐயமில்லை.

சாவழுகைக்கு மற்றை மொழிகள் பெரும்பாலும் ஓசையால் அல்லது துயரத்தாற் பெயரிட்டிருக்க, தமிழ் மட்டும் அதன் அணியால் பெயரிட்டது வியத்தற்குரியது. கெலித்தியப் பெண்ணின் 'கீன்யூ' அவள் அழுகிறாள் என்று மட்டும் சொல்லும். ஒப்பாரி என்னும் சொல் அவள் உவமை சொல்கிறாள் என்று சொல்லும். எழுதப்படிக்கத் தெரியாத பெண்ணொருத்தி, தாலியறுத்த நாளிலே, அணியிலக்கணத்தின் தலையாய அணியைக் கையாளுகிறாள் என்பதை நம் முன்னோர் கவனித்து, அதையே அச்செயலுக்குப் பெயராக்கினர்.

அவ்வுவமைகள் எத்தகையன? இறந்தவனை அவள் தேருக்கும் பொன்னுக்கும் பூத்த மரத்துக்கும் ஒப்பிடுவாள். அவ்வளவில் நின்றால் அது புகழுரை. ஒப்பாரியின் ஆற்றல் இருநிலைகளை அடுத்தடுத்து வைப்பதிலே உள்ளது: நேற்றிருந்த நிலை ஓரடி, இன்றைய நிலை ஓரடி, இரண்டும் ஒரே ஓசையில், ஓரிரு சொல் மட்டும் மாறி வரும். பட்டுடுத்தவள் வெள்ளையுடுத்தாள் என்பதற்கு மேல் அவள் விளக்கம் கூறுவதில்லை. ஒப்பாகிய பொருளும் ஒப்பிடப்படும் பொருளும் ஒருத்தியே. அவளே தனக்கு உவமை. பின்னர் அடியின் இறுதி உயிரெழுத்து நீளும். அந்நீட்சியிற் சுற்றியிருப்போர் தலைசேர்த்து, தோள்மேற் கையிட்டுச் சேர்ந்தழுவர். நீட்சி முடியுமுன் அடுத்த இணையடி அவளுக்குக் கிடைத்துவிடும். யாப்பறிந்தோர் இதனை உற்றுக் கேட்டால், ஓசை நீட்டம் என்பது இசைக்காக மட்டுமன்று, சொல் தேடுவதற்கான அவகாசமும் ஆகும் என்பதைக் காண்பர்.

அயர்லாந்தின் கீனும் இவ்வாறே அமைந்தது என்று அதனை ஆராய்ந்தோர் கூறுவர். முதலில் இறந்தவரை உறவு சொல்லி விளித்தல், அடுத்து அவரைப் பற்றிய பாட்டு, இறுதியில் அனைவரும் சேர்ந்தெழுப்பும் ஓலம், மீண்டும் விளி. அவற்றுட் தலைசிறந்ததாகக் கொள்ளப்படுவது ஐலீன் டுவ் என்பாள் தன் கணவன் ஆர்ட் ஓ லியறி கொல்லப்பட்டபோது பாடியது. 1773ஆம் ஆண்டு நிகழ்ந்தது அக்கொலை. கத்தோலிக்கர் ஐந்து பவுணுக்கு மேற்பட்ட விலையுடைய குதிரையை வைத்திருத்தல் ஆகாது என்பது அந்நாளையச் சட்டம். ஆர்ட்டின் உயர்சாதிக் குதிரையை ஐந்து பவுணுக்கு விற்கும்படி ஆங்கிலச் சார்பான அதிகாரி ஒருவன் கேட்க, ஆர்ட் மறுத்தான்; அப்பகையிலே சுடப்பட்டு மாண்டான். ஆளின்றிக் குதிரை மட்டும் வீடு வந்தது கண்டு, அதன்மேலேறி அவள் அவ்விடம் சென்றாள். அப்பாட்டு வாய்மொழியாகவே நிலவி, பின்னரே ஏடேறியது. அதில் நம் நாட்டார் வியப்பின்றி ஏற்கக்கூடிய ஒரு பகுதியுண்டு: இறந்தவனின் தமக்கைக்கும் மனைவிக்கும் பிணத்தருகே பாட்டிலேயே பூசல் நிகழ்கிறது. செத்த வீட்டில் மைத்துனியின் குறையை ஒப்பாரிக்குள் வைத்துச் சொல்லும் வழக்கத்தை நம் ஊர்களிற் கேட்டறியாதார் யார்? சீதனக் குறை, மருமகள் சோறு கொடாமை, காணி பிரித்ததில் நேர்ந்த வஞ்சனை யாவும் அங்கே வெளிவரும். மற்றை நாட்களில் அச்சொற்களைப் பேசினால் வாயை அடக்கு என்பர். பிணத்தருகே சொன்னால் ஒருவரும் தடுக்கமாட்டார். தொல்காப்பியனார் இழவோடு இளிவையும் வறுமையையும் ஒருங்கு வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும்.

இவ்வொற்றுமையைக் கண்டு, இரு மக்களுக்கும் பழைய உறவு உண்டென முடிபு கட்டுதல் தகாது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தம் ஒப்பியல் அகராதியிற் தமிழ் வேர்களைப் பிறநாட்டுச் சொற்களோடு பொருத்திக் காட்டிய காலம் தொட்டு, நம்மவர்க்கு இத்துறையில் ஒரு துணிவு பிறந்துள்ளது. அப்பெரியாரின் கல்வி அவரைப் பின்பற்றுவார் எல்லார்க்கும் இல்லை. அயர்லாந்தின் ஆங்கிலத்தில் அழுகைக் கூச்சலுக்குப் 'பில்லலூ' என்றொரு சொல் உண்டு. நம்மிடம் பிலாக்கணம் உண்டு. இலத்தீனில் 'உலுலாரே' என்றால் ஓலமிடுதல், 'உலுலா' என்றால் ஆந்தை. நம்மிடம் நாயும் நரியும் இடும் ஊளை உண்டு. இவற்றை உறவெனக் கொள்ள மனம் ஓடுகின்றது. ஆயின் வாயினின்று எழும் ஓசையைப் பின்பற்றிய சொற்கள் எம்மொழியிலும் ஒத்தே இருக்கும். காக்கை எந்நாட்டிலும் ஒருவாறே கரைகிறது. அன்றியும் 'உலுலு' என்ற அதே நாவோசை வங்காளத்தில் மணவீட்டின் மங்கல ஒலி. நம் குலவையும் மங்கலத்துக்கே உரியது. ஓசை ஒன்று, பொருள் எதிர்மறை. ஆதலின் கீனுக்கும் ஒப்பாரிக்கும் உள்ளது செயலொப்புமையே, சொல்லுறவு அன்று.

இரண்டும் பெற்ற இழிவும் ஒன்றே. 17ஆம் நூற்றாண்டு தொடங்கி அயர்லாந்தின் ஆயர்கள் கூலிக்கு அழும் பெண்டிரைக் கண்டித்து விதிகள் செய்தனர். 20ஆம் நூற்றாண்டிலே அவ்வழக்கம் ஏறக்குறைய மறைந்தது. நம்மிடம் 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் தொடர், மனமின்றிச் செய்யும் எத்தொழிலுக்கும் உரிய ஏச்சாக மாறிவிட்டது. ஒப்பு என்னும் சொல்லே இருமுகம் காட்டும்: ஒப்பற்றவன் என்றால் உயர்வு; ஒப்புக்கு அழுதாள் என்றால் பொய். உண்மைத் துயரம் பாட்டாக வருமோ என்பதே இவ்வேச்சின் உள்ளிருக்கும் ஐயம். யான் இவ்வையத்தை ஏற்கமாட்டேன். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய சிறு செய்யுள் அளவோடும் அடியோடும் அமைந்திருத்தலால் அவர் துயரம் பொய்யென்பார் எவருமிலர். புறத்திணையில் அதற்குக் கையறுநிலை என்று பெயரிட்டுப் போற்றுகிறோம். ஏட்டில் இருந்தால் கையறுநிலை, திண்ணையில் இருந்தால் கூச்சல் என்பது நீதியன்று.

ஆடவர் கைக்கு வந்தபோது அதே பாட்டு மதிப்புப் பெற்றது. இறந்தவரின் முப்பத்தோராம் நாட் கிரியையை ஒட்டி அச்சிடப்படும் 'கல்வெட்டு' என்னும் சிறு நூல் யாழ்ப்பாணத்தார்க்கு உரிய தனிவழக்கு. அதிற் திதிவெண்பா இருக்கும், குலவரலாறு இருக்கும், பின்னர் 'மனைவி புலம்பல்', 'மக்கள் புலம்பல்', 'மருமக்கள் புலம்பல்' என்று தலைப்புகள் வரும். மனைவி புலம்பியதை மனைவி எழுதியிரார். ஊர்ப் புலவரொருவர் விருத்தத்தில் எழுதியிருப்பார். எங்கள் ஆச்சி தம் கணவர் இறந்தபோது மூன்று நாள் சொன்ன ஒப்பாரியிற் சொல்லொன்றும் இன்று எவரிடத்தும் இல்லை. அவர் பெயரால் வேறொருவர் இயற்றிய எட்டு விருத்தம் அச்சில் இருக்கிறது. அயர்லாந்திலும் புலவர் மரபில் வந்த இரங்கற்பாவுக்கு 'மறவ்னா' என்னும் வேறு பெயரும் வேறு மதிப்பும் இருந்தன.

சைவ மரபும் இங்கே ஒரு எல்லையிட்டது. சுண்ணம் இடிக்கும் வேளையிற் திருப்பொற்சுண்ணம் ஓதத் தொடங்கினால் ஒப்பாரி ஓயவேண்டும். மகளிர் கூடி மணப்பொடி இடித்து மகிழ்ந்து பாடுவதாக மணிவாசகர் அமைத்த அப்பதிகம் சாவு வீட்டில் ஒலிப்பதை முதன்முறை கேட்கும் அயலார் வியப்பர். அழுத பெண்ணும் அதனைக் கேட்டு வாயடங்குவாள். ஓதுதல் முடிந்து, வாய்க்கரிசி இட்டு, பாடை எழும்போது மீண்டும் ஓலம் எழும். ஓதுவாரும் அவளும் ஒரே முற்றத்தில் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டனர். கொழும்பில் இன்று இருவருக்கும் இடமில்லை. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிற் பிரேதத்தை ஏற்றி இறக்கவே வழியில்லாமையால், பொரளையின் மலர்ச்சாலைக்கு நேரே கொண்டுசெல்கின்றனர். அங்கே வரிசையாக நாற்காலிகள், குளிரூட்டிய அறை, அடுத்த அறையிற் பிறிதொரு மதத்தார். வந்தவர் கைகூப்பி, கையொப்பமிட்டுப் போகின்றனர். கிழவி ஒருத்தி வாயெடுத்தால் மகனே வந்து, 'அம்மா, சத்தம் போடாதேங்கோ' என்று தோளைத் தொடுகிறான். அவனைக் குறைகூற எனக்கு மனமில்லை; யானும் அவ்வாறு தொட்டதுண்டு.

ஒப்பாரிக்கு ஒரு கட்டாயம் உண்டு. அது முன்னிலையில் வைத்துச் சொல்லப்படுவது. 'என்ரை ராசா' என்று விளிக்க, விளிக்கப்படுபவன் கிடக்கவேண்டும். கடல் கொண்டுபோனவனுக்கு என் செய்வது? உடல் கிடையாதபோது தருப்பையினால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கிரியை நிகழ்த்துதல் நம் சமய வழக்கு. அவ்வுருவமும் ஓர் ஒப்பு என்பதை நோக்குக. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின், கிழக்கிலும் வடக்கிலும் உடல் கிடையாத குடும்பங்கள் பல. அவர்களுக்காவது, கடல் கொண்டது என்ற உறுதி இருந்தது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்தனர். அவர்கள் அழுகையை ஒப்பாரி என்று எழுத என் கை கூசுகின்றது. ஒப்பாரி சொல்லுதல் இறப்பை ஒப்புக்கொள்ளுதல் ஆகும்; அதனையன்றோ அத்தாய்மார் செய்ய மறுத்தனர்! விளியும் உண்டு, கண்ணீரும் உண்டு, கூட்டமும் உண்டு. ஆயினும் பெயரிடுவோர் இங்கே சொல்லறிந்து பெயரிடல் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டு நாடகத்துக்கு மீள்வோம். 1904ஆம் ஆண்டு டப்ளின் நகரில் முதன்முதல் நடிக்கப்பட்ட அந்நாடகத்தின் களம் அயர்லாந்தின் மேற்கே உள்ள தீவு. ஆசிரியர் சிங் 1898 முதல் அறன் தீவுகளுக்குப் பன்முறை சென்று, மீனவரோடு தங்கி, அவர் பேச்சையும் சாவீட்டு அழுகையையும் நேரிற் கேட்டவர். மொரியா என்னும் கிழவி கணவனையும் மாமனையும் நான்கு மக்களையும் முன்னரே கடலுக்குக் கொடுத்தவள். ஐந்தாமவன் மைக்கேல் போய் ஒன்பது நாள், உடல் கிடைக்கவில்லை. நெடுந்தொலைவில், டொனகோல் கரையில் ஒதுங்கிய ஒருவனின் உடையைக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். அவன் தங்கை நோரா, காலுறையில் தான் பின்னிய இழைகளை எண்ணிப் பார்த்து, அது தமையனுடையதே என்று அறிகிறாள். அந்நாளிலேயே கடைசி மகன் பார்ட்லியும் கடலில் வீழ்ந்து இறக்க, அவன் உடலை வீட்டுக்குக் கொணர்கின்றனர்.

ஒன்பது நாளாக மொரியா அழுததைக் குறிக்கும் இடத்தில், மகள் கத்லீன் 'கிரை', 'கீன்' என்னும் இரு சொல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறாள். என் மாணவன் 'அழுதாள், அழுதாள்' என்று எழுதிய இடம் அதுவே. சிங் இரு சொல் வைத்தது அலங்காரத்துக்கன்று. கண்ணீரும் உண்டு, பாட்டும் உண்டு என்பதற்கு. அங்கே 'அழுதும் ஒப்புச் சொல்லியும்' என்று எழுதினால் மூலத்துக்கு முழுதும் ஈடாகும். உடல் இல்லாத மகனுக்கு அவள் ஒப்புச் சொன்னாள் என்பதனால், அவன் மீளான் என்று அவள் உள்ளம் காலுறை வருமுன்னரே ஒப்பிவிட்டது என்னும் குறிப்பும் தமிழ்ச் சொல்லிற் தானே வந்து சேர்கின்றது.

இறுதிக் காட்சியில்தான் மொழிபெயர்ப்பாளனுக்கு உண்மையான இடர். பார்ட்லியின் உடல் மேசைமேற் கிடக்கிறது. வந்த பெண்டிர் உடலை அசைத்து மெல்லிய குரலில் 'கீன்' செய்கின்றனர். இங்கே ஒப்பாரி என்பதே தக்க சொல், ஐயமில்லை. ஆயின் மொரியா அவர்களோடு சேரவில்லை. மைக்கேலுக்காக ஊர் கேட்க ஓலமிட்டவள், உடல் முன்கிடக்கும் இம்மகனுக்கு ஓலமிடாமல், தீர்த்தம் தெளித்து, இனிக் கடல் தன்னிடமிருந்து கொள்ள ஒன்றுமில்லை என்னும் கருத்துப்படத் தாழ்ந்த குரலிற் பேசுகிறாள். அது ஒப்பாரியன்று, அங்கே உவமையுமில்லை, சேர்ந்தழும் சுற்றமும் அவளைத் தீண்டவில்லை. மகள்மார் அவள் உடைந்துபோனாள் என்று எண்ணுகின்றனர். தமிழில் அப்பேச்சுக்கு என்ன பெயர் கொடுப்பது என்று நெடுநேரம் எண்ணினேன். பெண்டிரின் செயலுக்கு ஒப்பாரி என்றும், மொரியாவின் பேச்சுக்குப் புலம்பல் என்றும் எழுதி, மாணவரிடம் உரியியலைத் திறந்து புலம்பு என்னும் சொல்லுக்குப் பொருள் காணும்படி கூறினேன். முன்பு 'ஆர்வமாக' என்று எழுதிய அதே பையன்தான் முதலிற் கண்டுபிடித்து, எழுந்து நின்று, 'தனிமை, சேர்' என்றான்.